மாதவிலக்கு முடிவும் மூலிகை மருந்தும்

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் பூப்பெய்தினால் உற்றார் அனைவரும் அறிவர். தாயும் அம்மம்மாவும் உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து அவளைப் பேணுவர். ஆனால், ஐம்பது வயதளவில் அவளுக்கு மாதவிலக்கு நிற்கும் காலம் வரும்போது அதைப்பற்றிப் பேசுவார் அரியர். உடல் திடீரென வெப்பங்கொள்கிறது. நள்ளிரவில் வியர்வை பெருகி உறக்கம் கலைகிறது. "வயது போகிறது" என்று அவளே தன்னைத் தேற்றிக்கொள்கிறாள்.

இது நோயன்று, பருவமாற்றமே. சூலகங்கள் சுரக்கும் ஈஸ்திரஜன் குறையும்போது, மூளையில் உடல் வெப்பத்தைச் சீராக்கும் பகுதி சிறு வெப்பமாற்றத்தையும் பெரிதாகக் கொண்டுவிடுகிறது. அதனாலேயே இந்தக் கொதிப்பும் வியர்வையும் உண்டாகின்றன.

இதற்கு மூலிகை நாடுவது பழைய வழக்கம். சீனர் 'டாங் குவாய்' என்னும் வேரைப் பெண்களுக்குரிய மருந்தாகப் போற்றுகின்றனர். 1997 இல் அமெரிக்காவில் 71 பெண்களிடம் 24 வாரம் நடந்த சோதனையில், அவ்வேர் வெறும் போலி மாத்திரையைவிட மேலான பயன் தரவில்லை. அதனைத் தனியே கொடுப்பதன்று, வேறு மூலிகைகளுடன் கூட்டிக் கொடுப்பதே தங்கள் முறை என்பது சீன வைத்தியர் கூறும் மறுமொழி.

செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களைத் தந்தது யாழ்ப்பாண மண். இங்கும் சாத்தாவாரிக் கிழங்கு பெண்களுக்கு உகந்ததெனக் கருதப்படுகிறது. எனினும், மாதவிலக்கு முடிவுக் கால வெப்பத்தை அது தணிக்கும் என்பதைப் பெரிய சோதனைகள் இன்னும் நிறுவவில்லை. மருந்து வேண்டுவோர் முறையாகப் பயின்ற சித்த மருத்துவரையோ ஆங்கில மருத்துவரையோ நாடுவதே நன்று.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் மூலிகை மாத்திரையாயினும் மருத்துவரிடம் சொல்லாமல் உட்கொள்ளலாகாது. குருதி உறையாதிருக்க வார்பரின் உண்பவர் டாங் குவாயையும் சேர்த்து உண்டால் குருதிப்பெருக்கு நேரலாம்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி உதிரம் கண்டாலும் கசாயம் காய்ச்சிக் காலங்கழித்தல் கூடாது. பெரும்பாலும் அதன் காரணம் சிறிதாயிருக்கலாம். சிலரிடம் அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி. தொடக்கத்திலே கண்டால் அந்நோயைப் பெரும்பாலும் குணப்படுத்தலாம். ஆதலால், தாய் கூச்சத்தால் மறைத்தாலும் மகளாவது கேட்டறிந்து, அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.