விண்ணப்பத்துக்கு முன்னே ஒரு வைத்தியப் பரிசோதனை

திருகோணமலைத் துறைமுகத்தின் கிழக்கே டொக்யார்ட் வளாகத்துக்குள் கடற்படை மற்றும் கடல்சார் கல்லூரி இருக்கிறது. நீர்ப்பரப்புக்கு அப்பால் மேற்கே சீனக்குடாவில் விமானப்படைக் கல்லூரி. இலங்கையின் முப்படைகளில் இரண்டு, தங்கள் அதிகாரிகளை இந்த ஒரே துறைமுகத்தின் கரைகளில்தான் பயிற்றுகின்றன. தரைப்படைக்கு மட்டும் தியத்தலாவை. பிரித்தானியர் 1957 இல் தளத்தைக் கையளித்துப் பத்து ஆண்டுகள் கழித்து, 1967 இல், கடற்படைக் கல்லூரி தொடங்கியது. அதற்கு முன் அதிகாரியாகத் தெரிவானவர்கள் பயிற்சிக்கு இங்கிலாந்தின் டார்ட்மத்துக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. பட்டப்படிப்போடு சேர்ந்த இன்னொரு வழியும் உண்டு. இரத்மலானையில் சேர் ஜோன் கொத்தலாவலையின் கந்தவளைத் தோட்டத்தில் 1980களில் எழுந்த பாதுகாப்புக் கல்விக்கூடம் இன்று பல்கலைக்கழகம். அங்கே படிக்கும் கடற்படைப் பயிலிளவல்களும் படைப்பயிற்சியின் ஒரு கட்டத்துக்குத் திருகோணமலைக்கே வருவார்கள்.

இந்த வாயில்களுக்குள் நுழைய வர்த்தமானியிலோ பத்திரிகையிலோ வரும் அறிவித்தலிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் 18 முதல் 22 வயது, திருமணமாகாதவர், உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தி, சாதாரண தரத்தில் கணிதமும் ஆங்கிலமும் உட்பட நல்ல பெறுபேறு என்று கேட்பார்கள். ஆண்களுக்கு 5 அடி 6 அங்குல உயரம், 32 அங்குல மார்பளவு, கண்ணாடி இல்லாமல் இரு கண்ணுக்கும் 6/6 பார்வை என்பவை பல ஆண்டுகளாக அறிவித்தல்களில் காணப்படும் அளவுகள். பெண்களுக்கு உயரம் சற்றுக் குறைவு. இவை ஆண்டுக்கு ஆண்டு, கிளைக்குக் கிளை மாறக்கூடியவை. அண்ணன் தோற்ற ஆண்டின் அளவை வைத்துத் தம்பி கணக்குப் போடக் கூடாது. ஆவணச் சரிபார்ப்பு, முதல் நேர்முகம், உடற்தகுதிச் சோதனை, வைத்தியப் பரிசோதனை, இறுதி நேர்முகம் என்று தெரிவு பல படிகளாக நடக்கும், ஒழுங்கு முன்பின்னாகலாம்.

ஆயத்தம் என்றதும் வீட்டுக்கு முதலில் நினைவுக்கு வருவது ரியூசன். மைதானத்தைச் சுற்றி ஓட்டமும், பொது அறிவுப் புத்தகமும், ஆங்கிலப் பேச்சு வகுப்புமாக ஓர் ஆண்டு போகும். கடைசியில் வைத்தியர் ஒரு புள்ளிப் படத்தைக் காட்டி இலக்கத்தைக் கேட்பார். சொல்ல வராது. அந்த ஓர் ஆண்டும் வீண். உடலில் மாற்ற முடியாதது எது, ஆறு மாதத்தில் திருத்தக்கூடியது எது என்பதை விண்ணப்பப் படிவம் எழுதுவதற்கு முன்னேயே அறிந்துகொள்ள வழியிருக்கிறது. அரச வைத்தியசாலையில் அதற்குக் காசும் தேவையில்லை.

மாற்ற முடியாதவற்றில் முதலாவது நிறப்பார்வை. பலவண்ணப் புள்ளிகளுக்குள் இலக்கம் ஒளிந்திருக்கும் அந்த அட்டைகளை ஜப்பானியக் கண் வைத்தியர் ஷினோபு இஷிஹாரா 1917 இல் வெளியிட்டார். படையில் சேர வருவோரைச் சோதிப்பதற்கென்றே அவர் அவற்றை ஆக்கினார். முழுத் தொகுதியில் 38 அட்டைகள். முதல் அட்டையின் 12 எல்லோருக்கும், நிறக்குறை உள்ளவருக்கும்கூடத் தெரியும்; அதையே தெரியவில்லை என்பவர் நடிக்கிறார் அல்லது கேள்வி விளங்கவில்லை என்று வைத்தியர் அறிவார். அதற்குப் பிந்திய சில அட்டைகளில் இயல்பான கண் ஓர் இலக்கத்தையும் குறையுள்ள கண் வேறோர் இலக்கத்தையும் வாசிக்கும். அட்டை முக்கால் மீற்றர் தூரத்தில், பகல் வெளிச்சத்தில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடிதான். இலக்கங்களை மனப்பாடம் செய்து போகலாம் என்று நினைப்பவர்களுக்காகவே அட்டைகளை மாற்றி அடுக்குவார்கள். சந்தேகம் வந்தால் இருட்டறையில் விளக்குச் சோதனை.

கடற்படை இதில் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் கடலில்தான் இருக்கிறது. இரவில் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. கொட்டியாறக் குடாவில் இரவு நிற்பவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தால் அந்தக் கப்பல் தம்மை நோக்கி நேரே வருகிறது. ஒன்று மட்டும் தெரிந்தால் குறுக்கே போகிறது, எந்தத் திசையில் என்பதையும் அந்த நிறமே சொல்லிவிடும். பிரித்தறிய முடியாத மாலுமி மற்றவர்களையும் சேர்த்து மூழ்கடிப்பார். இந்தக் குறை பெரும்பாலும் தாய்வழி வருவது. ஐரோப்பிய ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு உண்டு. பெண்களில் மிக அரிது. அம்மப்பாவுக்கோ தாய்மாமனுக்கோ சிவப்பு பச்சை குழம்பும் என்று வீட்டில் பேச்சிருந்தால், பையனுக்குப் பதினைந்து வயதிலேயே மாவட்டப் பொது வைத்தியசாலையின் கண் கிளினிக்கில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மருந்தோ பயிற்சியோ இதை மாற்றாது. மாற்றுவதாகச் சொல்லிப் பணம் வாங்குபவர்களிடமிருந்து விலகி நிற்க வேண்டும்.

6/6 என்பது நெதர்லாந்து வைத்தியர் ஹெர்மன் ஸ்னெலன் 1862 இல் வகுத்த எழுத்து அட்டையிலிருந்து வந்த அளவு. இயல்பான கண் ஆறு மீற்றரில் வாசிக்கும் வரியை இந்தக் கண்ணும் ஆறு மீற்றரில் வாசிக்கிறது என்று பொருள். 6/12 என்றால், மற்றவர் பன்னிரண்டு மீற்றரில் நின்று வாசிப்பதை இவர் ஆறுக்கு நெருங்கி வந்துதான் வாசிக்கிறார். கிட்டப்பார்வை பள்ளிக்காலத்தில் கூடிக்கொண்டு போவது. கரட் தின்றோ கண் பயிற்சி செய்தோ குறையாது. கொன்ராக்ட் லென்ஸை மாட்டிக்கொண்டு போவது பழைய தந்திரம். கண்ணைக் கருவியால் பார்க்கும் வைத்தியருக்கு லென்ஸின் விளிம்பு உடனே தெரிந்துவிடும். பார்வைக் குறைவோடு நேர்மைக் குறைவும் பதிவாகும். லேசர் சிகிச்சையை எல்லாப் படைகளும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. ஆகவே அதற்குப் பணம் கட்டுவதற்கு முன் அவ்வாண்டு விதியைப் படைத் தரப்பிடமே கேட்டு அறிய வேண்டும்.

உயரத்தில் ஒரு சிறு நுட்பம் உண்டு. முள்ளந்தண்டின் தட்டுகள் பகல் முழுதும் அமுங்குவதால் மனிதர் காலையில் மாலையைவிட ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் உயரமாக இருப்பார். எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு இது பெரிய விடயம். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்ப்பார்கள்: 168 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 52 முதல் 70 கிலோ வரை பொதுவான ஆரோக்கிய எல்லைக்குள் அடங்கும். கடைசி இரண்டு வாரம் பட்டினி கிடந்து குறைப்பதைவிட ஆறு மாதம் முன்பே தொடங்குவதே உடலுக்கு ஏற்றது.

திருத்தக்கூடியவை பல, அவற்றில் பாதி அற்பமானவை. காதுக் குறும்பி செவிப்பறையை மறைத்தால் வைத்தியரால் உள்ளே பார்க்க முடியாது. கேட்டலும் மந்தமாகத் தெரியும். நிலாவெளியிலோ உப்புவெளியிலோ நாள்தோறும் கடலில் குளிப்பவர்களுக்குக் குறும்பி நீரில் ஊறிக் காதை அடைப்பது சாதாரணம். தீக்குச்சியால் கிண்டாமல், ஒரு மாதம் முன்பே காது மூக்கு தொண்டைப் பிரிவில் எடுத்துவிட வேண்டும். சூத்தைப் பற்களையும் அப்படியே அடைத்துவிடலாம். இந்தியப் படைகளில் பற்களுக்குப் புள்ளி உண்டு: முழு வாய்க்கு 22, குறைந்தது 14 வேண்டும்.

தட்டைப் பாதத்தை வீட்டிலேயே பார்க்கலாம். காலை நனைத்துச் சிமெந்துத் தரையில் ஊன்றினால் உள்வளைவு விழாமல் முழுத்தடமும் பதியும். அப்படிப் பதிந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. நுனிக்காலில் எழும்பி நிற்கும்போது வளைவு திரும்பி வந்தால் அது நெகிழ்வான பாதம், பல இடங்களில் ஏற்பார்கள். முழங்கால்கள் முட்ட நிற்கும்போது கணுக்கால்களுக்கிடையே இடைவெளி எவ்வளவு என்பதையும் அளப்பார்கள்.

இரத்தத்தில் ஈமோகுளோபின் குறைவாக வருவது, பெண் பிள்ளைகளிடம் குறிப்பாக, அடிக்கடி நடக்கிறது. சோறு தின்ற கையோடு பிளேன்ரீ குடிக்கும் பழக்கம் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் எடுப்பதைத் தடுக்கும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்தாலே சில மாதங்களில் வேறுபாடு தெரியும். குடலிறக்கம், விரைவீக்கம், காலில் சுருண்ட நாளங்கள் ஆகியவை பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையால் தீர்பவை. தீர்த்தபின் ஆற எடுக்கும் காலத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பரிசோதனைக்கு முதல் நாள் செய்யும் ஒரு தவறு பலரை வீழ்த்துகிறது: ‘கடைசியாக ஒருமுறை’ என்று நீண்ட தூரம் ஓடுவது. கடும் உடற்பயிற்சிக்குப்பின் ஒன்றிரண்டு நாள் சிறுநீரில் புரதமோ இரத்தமோ தென்படலாம். சிறுநீரகம் நன்றாக இருந்தும் மீள்பரிசோதனை என்று எழுதிவிடுவார்கள். இரண்டு நாள் ஓய்வு, நிறையத் தண்ணீர், போதிய தூக்கம் போதும். காலையில் கோப்பியைத் தவிர்த்தால் இரத்த அழுத்தமும் அடங்கும். முதல் அளவு பயத்தால் ஏறியிருந்தால் சற்று உட்காரவைத்து மீண்டும் எடுப்பது வழக்கம்.

படிவத்தில் முட்டு, வலிப்பு, பழைய எலும்பு முறிவு, செய்த சத்திரசிகிச்சை எல்லாம் கேட்பார்கள். மறைத்தது பயிற்சியின் நடுவே வெளிவந்தால் வெளியேற்றம்தான். கடல் நோயைப் பற்றி மட்டும் அதிகம் கவலைப்பட வேண்டாம். 1770களில் சீஹோர்ஸ் கப்பலில் மிட்ஷிப்மனாகத் திருகோணமலைக்கு வந்த நெல்சன் வாழ்நாள் முழுவதும் அலையில் குமட்டிக்கொண்டே இருந்தவர். பின்னாளில் ஒரு கண்ணின் பார்வையையும் ஒரு கையையும் இழந்த அவர் இன்றைய வைத்தியச் சபையின் முதல் மேசையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

நேர்முகத்துக்கு எப்படி ஆயத்தமாவது? சபை எதைத் தேடுகிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்தியாவின் முறை உதவும். இரண்டாம் உலகப்போரில், மேலதிகாரியின் சில நிமிடப் பேச்சில் அதிகாரியைத் தேர்ந்தெடுப்பது பலிக்கவில்லை என்று கண்ட பிரித்தானிய இராணுவம் 1942 இல் பலநாள் தெரிவுச் சபைகளை அமைத்தது. இந்தியாவின் ஐந்து நாள் தெரிவு அதன் வழித்தோன்றல். சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரிக்குப் போகிறவரும் அதைத் தாண்டியே போகிறார். அறுபது சொற்கள் ஒவ்வொன்றும் பதினைந்து விநாடி திரையில் தோன்ற, மனதில் எழும் வாக்கியத்தை எழுத வேண்டும். அறுபது இக்கட்டுகளுக்கு அரை மணித்தியாலத்தில் என்ன செய்வேன் என்று எழுத வேண்டும். வெளியே பலகையும் கயிறும் கொண்டு குழுவாகத் தடை தாண்ட வேண்டும். உளவியலாளர், குழுச் சோதனை அதிகாரி, நேர்முக அதிகாரி ஆகிய மூவரும் தனித்தனியே ஒருவரைக் கணித்து, கடைசி நாளில் ஒப்பிடுகிறார்கள். எழுத்தில் வீரனாகவும் களத்தில் ஒதுங்கி நிற்பவராகவும் இருந்தால் அங்கேதான் பிடிபடுவார். பயிற்சி நிலையங்கள் விற்கும் ஆயத்த விடைகள் இதனால்தான் தோற்கின்றன.

இலங்கைச் சபை இவ்வளவு நீளமானதல்ல. சான்றிதழைப் புரட்டிக்கொண்டே கேட்பார்கள்: மாணவர் படையணியில் இருந்தீரா, அணித்தலைவராக என்ன செய்தீர், தோற்ற போட்டி எது, கடற்படை ஏன். திருகோணமலைப் பிள்ளையிடம் சொந்த ஊரைப் பற்றிக் கேட்காமல் விடுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியதும், அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் விமானந்தாங்கி மூழ்கியதும், சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளில் 61 ஐ இந்தியாவோடு கூட்டாக அபிவிருத்தி செய்ய 2022 ஜனவரியில் உடன்படிக்கை ஆனதும், மகாவலி எங்கே கடலில் கலக்கிறது என்பதும் இங்கே பிறந்தவருக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரிந்திருக்க வேண்டியவை. கடற்படை 1950 டிசம்பர் 9 அன்று அமைந்தது என்பதையும் இன்றைய பெரிய கப்பல்களின் பெயர்களையும் அறிந்திருப்பது குறைந்தபட்ச மரியாதை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் புள்ளி போய்விடாது. அளந்துவிட்டு அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வதால் போகும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை மொழி. பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. படையின் அன்றாடப் பேச்சு சிங்களம். ஓர் ஆண்டு முன்பே இரண்டிலும் வாய் பழகியவருக்குச் சபையின் முன் பாதிப் பயம் இல்லை. அதற்கும் மேலே வீட்டுக்குள் எழும் கேள்வி இருக்கிறது. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை நேரில் அறிந்த தாய்மார் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். சீருடை என்ற பேச்சை எடுத்தாலே வீட்டில் அமைதி குலையும். மறுபுறம், இராணுவத்தின் முதல் இலங்கைத் தளபதியான அன்ரன் முத்துக்குமாருவும் 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதியாக இருந்த ராஜன் கதிர்காமரும் தமிழர்கள். அதற்குப்பின் வந்த போர்க்காலம் தமிழருக்கு இந்த வழியை ஏறக்குறைய அடைத்துவிட்டது. விண்ணப்பிப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு வீடும் தானே தீர்மானிக்கும். விண்ணப்பித்தவரிடம் சபை ‘வீட்டில் என்ன சொல்கிறார்கள்’ என்று கேட்கலாம். பேசி முடிவெடுத்துவிட்டுப் போனவருக்கே அதற்கு நேரான பதில் வாயில் இருக்கும்.

நிராகரிக்கப்பட்டால் முதலில் காரணத்தை அறிய வேண்டும். இந்தியாவில் தற்காலிக நிராகரிப்புக்கு உள்ளானவர் 42 நாட்களுக்குள் குறையைத் திருத்திக்கொண்டு மேன்முறையீட்டுச் சபை முன் நிற்கலாம். இலங்கையில் வயதெல்லை தாண்டாதவரை அடுத்த அறிவித்தலுக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம். நிறப்பார்வையால் கப்பல் செலுத்தும் கிளையை இழந்தவர் அதே அறிவித்தலில் வழங்கல், சட்டம் போன்ற கிளைகளின் பார்வை அளவைத் தனியே வாசித்துப் பார்க்க வேண்டும். சிலவற்றுக்கு அது தளர்வாக இருக்கும். வணிகக் கப்பலின் மேற்தள அதிகாரி வேலை மாற்றுவழி என்று நினைக்கக் கூடாது. அங்கும் அதே சிவப்பும் பச்சையும்தான்.