நெருங்கிய சுருதிகளும் நுண்கணிதமும்

தம்புராவின் நடுவிலுள்ள இரு தந்திகளையும் ஒரே சுருதியில் கூட்டுவோர் ஒன்றை நன்கறிவர். தந்திகளின் அதிர்வெண்கள் சிறிது வேறுபட்டாலும் ஒலி ஏறியும் இறங்கியும் விம்மும். ஒன்று 220 ஹெர்ட்சும் மற்றொன்று 221 ஹெர்ட்சுமாயின் அவ்விம்மல் நொடிக்கு ஒரு முறை நிகழும். அதனை உணர ஏறத்தாழ ஒரு நொடியேனும் செவிமடுத்தல் வேண்டும். கால் நொடி மட்டும் கேட்பவர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

கணிப்பொறிக்கும் இவ்விடர்ப்பாடு உண்டு. ஓர் அலையில் அடங்கிய அதிர்வெண்களை அறிய ஃபூரியே பகுப்பாய்வு பயன்படுகின்றது. 1965-இல் கூலி, டியூக்கி ஆகியோர் வெளியிட்ட விரைவு வழிமுறை, கணக்கிடும் வேகத்தைப் பெருக்கிற்றேயன்றிப் பிரித்தறியும் திறனைப் பெருக்கவில்லை. கால் நொடிப் பதிவில், ஏறத்தாழ 4 ஹெர்ட்சுக்கும் குறைவாக வேறுபடும் சுருதிகள் ஒரே முகடாய் இணைந்துவிடும். பதிவின் இறுதியில் சுழியங்களைச் சேர்த்து நீட்டினும் வரைபடம் வழவழப்பாகுமே தவிர, புதுச்செய்தி கிட்டாது.

இவ்வெல்லையைக் கடக்கும் வழியைப் பிரெஞ்சு அறிஞர் புரோனி 1795-இலேயே காட்டினார். வாயுக்களின் விரிவை ஆராய்ந்த அவர், அளவீடுகளைச் சில அடுக்குக்குறிச் சார்புகளின் கூட்டுத்தொகையெனக் கொண்டு, அச்சார்புகளைச் சமன்பாடுகளால் கண்டறிந்தார். அவ்வாறே, 'இவ்வலையில் இரண்டே தூய சுருதிகள் உள்ளன' என்னும் முன்னறிவு இருந்து, இரைச்சலும் மிகக் குறைவாயின், கால் நொடிப் பதிவிலும் அவற்றைப் பிரிக்கலாம்.

இரைச்சல் மிகுந்தவிடத்துப் புரோனியின் முறை தடுமாறும். இக்குறையைக் களையப் பிசரென்கோ 1973-இலும், ஷ்மிட் 1979-இலும் புதுமுறைகள் வகுத்தனர். ஷ்மிட்டின் முறை 'மியூசிக்' எனப் பெயர் பெற்றது. 1989-இல் ராயும், புனேயில் பிறந்த தாமஸ் கைலாத்தும் 'எஸ்பிரிட்' முறையை விரிவாக வெளியிட்டனர். அளவீடுகள் தமக்குள் கொண்ட தொடர்பை ஓர் அணியாக அமைத்து, அதனுள் சுருதிக்குரிய பகுதியையும் இரைச்சலுக்குரிய பகுதியையும் வேறாக்குவதே இம்முறைகளின் உட்பொருள். அலை எத்திசையிலிருந்து வருகின்றது என ஏரியல் வரிசைகளைக் கொண்டு அறியவும் இக்கணிதமே துணைபுரிகின்றது.

எனினும் இந்நுண்மைக்கு ஒரு விலை உண்டு. மூன்று சுருதிகளை இரண்டெனக் கொண்டால் ஒன்று மறையலாம். இரண்டை ஐந்தெனக் கொண்டால் இல்லாத சுருதிகள் முகடுகளாய் எழலாம்.

சிதைந்த ஓலைச்சுவடியைப் பதிப்பிப்போர் நிலையும் இதுவே. பாட்டின் யாப்பை அறிந்தவர் அழிந்த சீரை ஊகித்துணர்வார். யாப்பைத் தவறாகக் கொண்டவரோ புலவர் பாடாத சீரைப் புகுத்திவிடுவார். விடை நுண்ணியதாய் இருப்பதனாலேயே மெய்யாகிவிடாது. அதனைத் தாங்கி நிற்கும் முற்கோளையும் ஆராய்ந்து தெளிதல் அறிவியலார்க்கும் தமிழாய்வார்க்கும் பொதுக் கடமையாகும்.