கைமாறினால் என்ன குற்றம்?



எனக்கு முன்னாலே பேசிய சகோதரி, "வீடியோ கேம் வாங்கினா புதுசுதான் வாங்கணும், பழசு வாங்கறது அதை உருவாக்கினவன் வயித்திலே அடிக்கிறது" என்று ஆணி அடிச்ச மாதிரி சொல்லிட்டுப் போனாங்க. கைதட்டலும் வாங்கிட்டாங்க. சந்தோஷம். ஆனா ஒரு கேள்வி. அந்தப் பழைய டிஸ்க் வானத்திலிருந்தா குதிச்சது? முதல்லே ஒருத்தர் முழு விலை கொடுத்துப் புதுசா வாங்கினதுதானே ஐயா பழசாச்சு! (கைதட்டல்)

வீட்டிலே பிள்ளைங்க விளையாடறாங்களே தவிர, இது என்ன கணக்குன்னு பல பெற்றோருக்குத் தெரியாது. பிளேஸ்டேஷன் 5 வந்தது 2020-இல். அதிலே பெரிய கேம் ஒன்று நம் நாட்டுக் கடையில் 4,999 ரூபாய் என்று வந்தது. அமெரிக்காவிலே 60 டாலராக இருந்தது 70 டாலர் ஆச்சு. பையன் ரெண்டு வாரத்திலே கதையை முடிச்சுடறான். அப்புறம் அந்த டிஸ்க் அலமாரியிலே தூங்குது. அதை விற்றால் அவன் கைக்குக் கொஞ்சம் காசு. வாங்குகிறவனுக்குக் குறைந்த விலை. அக்கா படிச்ச பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டுத் தம்பிக்குக் கொடுத்த வீடுகள்தானே நம்ம வீடுகள்?

எதிரணி சொல்லும், "அது புத்தகம், இது கேம்" என்று. வாங்க, புத்தகத்துக்கே போவோம். அமெரிக்காவிலே ஒரு பதிப்பாளர், தன் நாவலிலே "இதை ஒரு டாலருக்குக் குறைச்சு விற்கக் கூடாது" என்று அச்சடிச்சே விட்டார். மேசிஸ் என்கிற பெரிய கடைக்காரங்க 89 சென்ட்டுக்கு வித்தாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908-இல் தீர்ப்பு வந்தது: பிரதியை ஒருமுறை விற்றபிறகு, அதை மறுபடி என்ன விலைக்கு விற்கணும்னு சொல்கிற அதிகாரம் பதிப்பாளருக்குக் கிடையாது. மாட்டை வித்தப்புறம் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது! (சிரிப்பு) பிரதி எடுத்து விற்றால் அது திருட்டு. அதிலே எனக்கும் எதிரணிக்கும் சண்டையே இல்லை. காசு கொடுத்து வாங்கிய அந்த ஒரே பிரதியைக் கைமாற்றுவது வேற.

வீடியோ கேமின் தாய்வீடு மாதிரி இருக்கிற ஜப்பானிலேயே இந்தப் பட்டிமன்றம் நடந்திருக்கு, நீதிமன்றத்திலே! கேம் கம்பெனிகள் என்ன வாதாடினார்கள் தெரியுமா? "எங்க கேம் ஒரு திரைப்படம். திரைப்படத்தின் விநியோக உரிமை தயாரிப்பாளருடையது. அதனாலே பழைய கேம் விற்கிற கடைகள் எங்களைக் கேட்கணும்." 1999-இல் தோக்கியோ நீதிமன்றம் கடைக்காரர் பக்கம், அதே வருஷம் ஒசாகா நீதிமன்றம் கம்பெனி பக்கம்! நம்ம நடுவருக்குக்கூட இவ்வளவு குழப்பம் வந்திருக்காது. (சிரிப்பு) கடைசியிலே 2002 ஏப்ரல் 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது: சரி, கேமும் திரைப்படம் போன்றதுதான், ஒத்துக்கிறோம், ஆனா முதல் விற்பனையோடு அந்த விநியோக உரிமை தீர்ந்து போச்சு. கடைகள் தொடர்ந்து விற்கலாம்.

சட்டத்தாலே முடியாததை மெஷினாலே செய்து பார்த்தாங்க. 2010-இல் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் புதுப் பெட்டிக்குள்ளே ஒரு ரகசிய எண்ணை வைத்தது. முதல் ஆள் அதைப் போட்டுவிட்டால், பழசு வாங்குகிறவர் இணையத்தில் மற்றவர்களோடு ஆட 10 டாலர் தனியாகக் கட்டணும். 2013-இல் அதைக் கைவிட்டாங்க. அதே 2013-இல் மைக்ரோசாஃப்ட் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' அறிவித்தபோது போட்ட நிபந்தனையைக் கேளுங்க. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மெஷின் இணையத்திலே ஆஜர் கொடுக்கணும். டிஸ்கை நண்பனுக்குக் கொடுக்கலாம். ஆனா அவன் 30 நாளாவது உங்க நண்பர் பட்டியலிலே இருந்திருக்கணும், அதுவும் ஒரே ஒரு முறைதான். பொண்ணு பார்க்கக்கூட நாம இவ்வளவு விசாரிக்க மாட்டோமே! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

போட்டிக் கம்பெனி சோனி என்ன பண்ணினாங்க? ஒரு குட்டிப் படம் எடுத்தாங்க. ஒருத்தர் கேம் டப்பாவை இன்னொருத்தர் கையிலே கொடுக்கிறார், அவர் "நன்றி" என்கிறார். முடிந்தது படம். அவ்வளவுதான் எங்க விதிமுறை என்றார்கள். உலகம் பூரா சிரிச்சது. அந்த ஜூன் 19-ஆம் தேதியே மைக்ரோசாஃப்ட் அத்தனை நிபந்தனையையும் வாபஸ் வாங்கிட்டாங்க.

சகோதரி சொன்னதிலே ஒரு உண்மை உண்டு, மறைக்க மாட்டேன். பழைய டிஸ்க் விற்கும்போது உருவாக்கியவருக்கு ஒரு பைசாகூடப் போகாது. அமெரிக்காவிலே கேம்ஸ்டாப் என்ற கடைச் சங்கிலிக்கு, 2010-ஐ ஒட்டிய வருஷங்களிலே, மொத்த லாபத்தில் கிட்டத்தட்ட பாதி பழைய கேமிலிருந்தே வந்தது. கம்பெனிக்காரங்களுக்கு எரியத்தான் செய்யும். நாலைந்து பேர் சேர்ந்து உழைத்த சின்ன கேம் பிடிச்சிருந்தா புதுசாவே வாங்குங்க, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா பெரிய கேமுக்கு 5,000 ரூபாய் கொடுக்கிற பையனுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வருது? "முடிச்சுட்டு வித்துடலாம்" என்ற நம்பிக்கையிலேதானே! பழசு வித்த காசு பல நேரம் அடுத்த புதுசுக்குத்தான் போகுது. பழைய வண்டிச் சந்தை இல்லைன்னா புது வண்டி இவ்வளவு ஓடுமா?

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு உறுத்துறது. அமெரிக்காவிலே கேம்களைப் பாதுகாக்கும் ஓர் அமைப்பு 2023-இல் ஆய்வு செய்தது. 2010-க்கு முன் அங்கே வெளிவந்த பழைய கேம்களிலே 87 சதவீதம் இன்றைக்குக் கடையில் புதுசாக் கிடைக்காது. அப்புறம் "புதுசுதான் வாங்கணும்"னா எங்கே போய் வாங்கறது? அப்பா சின்ன வயசிலே ஆடினதைப் பிள்ளைக்குக் காட்ட, யாரோ பத்திரப்படுத்திய பழைய காட்ரிட்ஜ்தான் வழி.

புதுசுன்னு இன்னைக்கு விற்கிறதிலே பெரும்பகுதி டவுன்லோடு. அதை விற்க முடியாது, தம்பிக்குக் கொடுக்க முடியாது. பிரான்சிலே ஒரு நுகர்வோர் சங்கம் வழக்குப் போட்டு, 2019-இல் பாரிஸ் நீதிமன்றம் "விற்கலாம்" என்றது. 2022-இல் மேல்முறையீட்டில் அது தலைகீழாச்சு. கலிஃபோர்னியாவில் 2025 முதல் சட்டம்: வெறும் அனுமதிதான் தருகிறோம் என்று தெளிவாச் சொல்லாம "வாங்குங்கள்" என்ற வார்த்தையைப் போடக் கூடாது. 2014-இல் வந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமை, 2024 மார்ச் 31-இல் சர்வரை அணைச்சு மூடிட்டாங்க. டிஸ்க் வச்சிருந்தவங்களுக்கும் அதே கதிதான், ஒத்துக்கிறேன். அதனாலே பழசு வாங்கும்போது இணையம் இல்லாம ஓடுமான்னு கேட்டு வாங்குங்க. டிஸ்கை வெளிச்சத்திலே திருப்பிக் கீறல் பாருங்க.

மணியிலே நடுவர் கை போயிடுச்சு, ஒரே நிமிஷம். 2020-இல் பிளேஸ்டேஷன் 5 ரெண்டு வகையா வந்தது. ஒண்ணிலே டிஸ்க் போடுற வாயே கிடையாது. விலை கொஞ்சம் குறைச்சல்னு அன்னைக்கு அதை வாங்கினவங்க, பழைய டிஸ்க் இரவலாக் கிடைச்சாலும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. பிள்ளைக்கு வாங்கப் போறவங்க பெட்டியைத் திருப்பி வாய் இருக்கான்னு பார்த்துட்டுப் பணத்தை எடுங்க. (கைதட்டல்)