செவிலியர் படிப்பில் இயற்பியலுக்கு என்ன வேலை?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்து மாணவியரிடம் பள்ளி முடிந்ததும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால் இரண்டு விடைகள் அடிக்கடி வரும். ஒன்று ஷூ கம்பெனி. மற்றொன்று நர்ஸ் படிப்பு. ஷூ கம்பெனிக்குப் போக ஊருக்கே பஸ் வந்துவிடுகிறது. நர்ஸ் படிப்புக்கோ பதினொன்றாம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே வழி பிரிந்துவிடுகிறது. பி.எஸ்ஸி. நர்சிங் சேர வேண்டுமானால் பொதுவாக இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றில் தேறியிருக்க வேண்டும். "உயிரியல் சரி, ஊசி போடுகிறவருக்கு இயற்பியல் எதற்கு?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண ஒரு நோயாளியின் கட்டிலருகே போவோம்.

கட்டிலருகே ஒரு கம்பியில் சலைன் பாட்டில் தொங்குகிறது. அது ஏன் உயரத்தில் தொங்க வேண்டும்? நம் கை நரம்புக்குள் ஓடும் இரத்தத்திற்கு ஓர் அழுத்தம் உண்டு. அது ஏறக்குறைய 10 மி.மீ. பாதரசம் என்று கொள்வோம். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி மிக்கது. எனவே 10 மி.மீ. பாதரசத்தின் அழுத்தம் 136 மி.மீ., அதாவது சுமார் 14 செ.மீ. உயர நீரின் அழுத்தத்திற்குச் சமம். சலைனின் அடர்த்தியும் கிட்டத்தட்ட நீரின் அடர்த்திதான். ஆகவே பாட்டில் கையைவிட 14 செ.மீ. உயரத்திற்குக் கீழே வந்தால் சலைன் உள்ளே போகாது; இரத்தம் குழாயில் ஏறத் தொடங்கும். ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கினால் 73 மி.மீ. பாதரச அழுத்தம் கிடைக்கிறது, தாராளமாக இறங்கும். நோயாளி எழுந்து உட்கார்ந்தால் இந்த உயரம் குறையும். சொட்டும் வேகமும் குறையும். அதனால்தான் நல்ல செவிலியர் நோயாளி அசைந்த பிறகு சொட்டுகளை மறுபடியும் எண்ணிப் பார்க்கிறார்.

எத்தனை சொட்டு? 500 மி.லி. மருந்து நீர் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். குழாயின் உறையில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்று அச்சிட்டிருக்கிறது. மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்திற்கு 42 சொட்டு. குழந்தைகளுக்குப் பயன்படும் நுண்சொட்டுக் குழாயில் ஒரு மி.லி.க்கு 60 சொட்டு. இரண்டையும் மாற்றி நினைத்துவிட்டால் மருந்து மூன்று மடங்கு வேகத்தில் ஏறிவிடும், அல்லது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தேர்வில் இப்படிப்பட்ட கணக்குத் தவறினால் இரண்டு மதிப்பெண் போகும். இங்கே போவது அதுவல்ல.

அடுத்தது அழுத்தம். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மெத்தையில் படுத்திருக்கிறார். உடல் மெத்தையைத் தொடும் பரப்பு 2,500 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர செ.மீ.க்கு 24 கிராம் எடை. இது 24 செ.மீ. நீருக்குச் சமம், பாதரசத்தில் சுமார் 18 மி.மீ. தோலுக்கடியில் உள்ள நுண்குழாய்களின் இரத்த அழுத்தத்தை உத்தேசமாக 32 மி.மீ. என்பார்கள். 18 அதைவிடக் குறைவுதானே, பிறகென்ன கவலை?

உடல் எடை ஒரே சீராகப் பரவுவதில்லை என்பதுதான் கவலை. குதிகாலின் 10 சதுர செ.மீ. மேல் ஒரு கிலோ அழுந்தினால் அங்கே 73 மி.மீ. அழுத்தம். நுண்குழாய்கள் நசுங்கி இரத்தம் நின்றுபோகும். நமக்கு உறக்கத்திலும் வலி தெரிவதால் புரண்டு படுக்கிறோம். நினைவிழந்தவரும் பக்கவாதம் வந்தவரும் புரள மாட்டார்கள். சில மணி நேரத்திலேயே படுக்கைப் புண் தொடங்கிவிடும். அவர்களை இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைப்பது செவிலியரின் வேலை. பார்ப்பதற்கு எளிய வேலை. என்னைக் கேட்டால், மருத்துவமனையில் நடக்கும் மிகச் சிறந்த இயற்பியல் செய்முறை இதுதான்.

இதே பாடம் நம் பகுதியில் செருப்பு வடிவிலும் வெளிவந்தது. தொழுநோயில் பாதத்தின் உணர்ச்சி மறத்துப்போகும். கல் குத்தினாலும் தெரியாது. ஒரே இடத்தில் எடை விழுந்து விழுந்து புண்ணாகும். 1946-இல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்டும் அவருடைய சகாக்களும் அந்தப் பாதங்களை ஆராய்ந்தார்கள். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரை உள்ளே வைத்துச் செருப்புகள் செய்தார்கள். ரப்பர் அமுங்கியதும் பாதம் படும் பரப்பு கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் இந்தப் பணி தொடர்ந்தது. ஆம்பூரில் ஷூவுக்கு அட்டை வெட்டுகிறவருக்கும் வேலூரில் பாதத்தைச் சோதிக்கும் செவிலியருக்கும் ஒரே சூத்திரம்தான் படியளக்கிறது! இன்று நீரிழிவுக்காரர்களின் பாதங்களுக்கும் இதே கவனம் தேவைப்படுகிறது.

படிக்க வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கிய வேலூர் மருத்துவமனையில், செவிலியர் பள்ளி 1909-இல் வந்தது. 1946-இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாயிற்று. இந்தியாவில் செவிலியருக்குப் பட்டப்படிப்பு அந்த ஆண்டில்தான் தொடங்கியது, தில்லியிலும் வேலூரிலும்.

பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு ஆண்டு. ஜி.என்.எம். என்னும் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு. கலைப் பிரிவு படித்தவர்களும் இதில் சேர விதி இடம் தருகிறது. அதை முடித்தவர்கள் பின்னர் இரண்டு ஆண்டு படித்துப் பட்டமும் பெறலாம். அதற்கு மேல் எம்.எஸ்ஸி., ஆராய்ச்சி என்று வழி நீளும். ஆண்களும் படிக்கிறார்கள்.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். இரவுப் பணி உண்டு. நின்றுகொண்டே வேலை. தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் பல இடங்களில் குறைவு. ஆறு மாதத்தில் நர்ஸ் ஆக்குவதாகச் சுவரொட்டி ஒட்டும் நிலையங்களும் இருக்கின்றன. அந்தச் சான்றிதழைக் கொண்டு செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. பணம் கட்டுமுன், இந்திய நர்சிங் கவுன்சிலும் தமிழ்நாட்டுச் செவிலியர் கவுன்சிலும் அந்தப் பள்ளியை ஏற்றிருக்கின்றனவா என்று பெற்றோருடன் சேர்ந்து விசாரித்துக்கொள்ளுங்கள். கல்லூரி அலுவலகத்தில் ஏற்பு ஆணையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அதில் எந்த ஆண்டு வரை என்று போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்.