எழுதும் பெட்டியை எழுதும் பெட்டியாகவே விடுங்கள்

சாதாரண உரையிலேயே வடிவம் குறிக்கும் மார்க்டவுன் என்ற எளிய குறிமுறையை 2004இல் ஜான் குரூபர் வெளியிட்டார். ஆரன் சுவார்ட்ஸ் கூட இருந்து உதவினார். ஒரு சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறி இட்டால் தடித்த எழுத்து, வரித் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் குறி இட்டால் தலைப்பு. குறிகளோடு அப்படியே படித்தாலும் பொருள் விளங்கும்.

இதற்கு எடிட்டர் செய்யக் கிளம்பும் பலர், தட்டத் தட்டவே தடித்துக் காட்டும் கனமான நிரல்களை நாடுகிறார்கள். எல்லா பிரவுசரிலும் டெக்ஸ்ட்ஏரியா என்ற சாதாரண எழுதும் பெட்டி தயாராக இருக்கிறது. கர்சர், காப்பி-பேஸ்ட், செல்போன் கீபோர்டு எல்லாம் அதில் தாமாகவே வேலை செய்யும். பார்வையற்றவர்களுக்கான என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடர்களுக்கும் அது பழகிய இடம். புதிதாகப் பெட்டி கட்டினால் இத்தனையையும் நாமே மறுபடி எழுத வேண்டும். பெரும்பாலும் ஏதோ ஒன்று விடுபடும். எடை குறைவதும் எல்லோருக்கும் எட்டுவதும் இங்கே ஒரே வேலைதான்.

மேலே நாலைந்து பட்டன் வைக்கலாம். படத்தை மட்டும் வைக்காமல் ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுக்க வேண்டும். 'தடித்த எழுத்து' பட்டனை அழுத்தியதும் ஸ்கிரிப்ட் பெட்டியின் உரை முழுவதையும் மாற்றி வைத்தால், கன்ட்ரோல்-இசட் அதற்கு முந்தைய திருத்தங்களுக்குத் திரும்பாமல் போகலாம். ஸ்கிரிப்டிலிருந்து பிரவுசருக்குத் திருத்தக் கட்டளை இடும் எக்ஸெக்கமாண்ட் பழைய வழி, கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டதும்கூட. ஆனாலும் அதன் மூலம் குறிகளைச் செருகினால் முக்கிய பிரவுசர்களில் அந்தத் திருத்த வரலாறு அழியாது.

டேப் விசைதான் பெரிய சண்டை. நிரல் எழுதுபவர்களுக்கு அது வரியை உள்தள்ள வேண்டும். மவுஸைத் தொடாமல் கீபோர்டில் மட்டும் இயங்குபவருக்கோ, பெட்டியை விட்டு வெளியேறும் வாசலே அதுதான். அதைப் பறித்துக்கொண்டு வேறு வழியும் காட்டாவிட்டால் அவர் உள்ளேயே சிக்கிக்கொள்வார். டபிள்யூகேக் எனும் இணைய அணுகல் நெறிகள் இதை அடிப்படை நிலையிலேயே தடுக்கின்றன. டேப்பை விட்டுவிட்டு, உள்தள்ளலுக்குத் தனிப் பட்டன் வைப்பதே முறை.

எழுதியது இறுதியில் எப்படித் தோன்றும் என்ற முன்னோட்டத்தையும் கேட்டால் மட்டும் காட்டுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் அதை அறிவிக்கச் செய்தால் ஸ்கிரீன் ரீடர் ஓயாமல் பேசும். மார்க்டவுனுக்குள் எச்டிஎம்எல்லும் எழுதலாம் என்பதால், காட்டும் முன் ஆபத்தான ஸ்கிரிப்ட்களை வடிகட்டியே ஆக வேண்டும்.

பட்டியலில் என்டர் தட்டினால் அடுத்த புள்ளி தானாக வருவது நல்ல வசதி. ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் சில முறைகளில், பரிந்துரைத்த சொல்லை ஏற்கவும் அதே என்டர்தான். சொல் உருவாகிக்கொண்டிருக்கிறதா என்று பிரவுசரிடம் இஸ்கம்போசிங் என்ற பண்பின் மூலம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.