இன்ஃபிளேமபிளும் ஃபிளேமபிளும்

இன்ஃபிளேமபிள், ஃபிளேமபிள் ஆகியவை ஒரே பொருள் தரும் இரு ஆங்கிலச் சொற்களாகும். இரண்டும் "எளிதில் தீப்பற்றக்கூடிய" என்றே பொருள்படும். ஆனால் முதல் சொல்லைத் "தீப்பற்றாத" என்று தவறாகப் புரிந்துகொள்வோர் பலர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதற்கு விலக்கல்ல.

குழப்பத்திற்குக் காரணம் சொல்லின் தொடக்கத்தில் வரும் "இன்" என்னும் முன்னொட்டு. இன்விசிபிள் (கண்ணுக்குப் புலப்படாத), இன்கம்ப்ளீட் (முழுமையடையாத) போன்ற சொற்களில் அது எதிர்மறைப் பொருள் தருகிறது. இலத்தீனில் இதே வடிவில், "உள்ளே" என்று பொருள்படும் வேறொரு முன்னொட்டும் உண்டு. தீமூட்டுதலைக் குறிக்கும் இன்ஃபிளம்மாரே என்ற இலத்தீன் வினையில் இருப்பது இந்த இரண்டாவது வகை. உடலில் ஏற்படும் அழற்சியைக் குறிக்கும் இன்ஃபிளமேஷனும் அதே வேரில் பிறந்ததே. தமிழில் அழற்சி என்பதும் தீயைக் குறிக்கும் அழல் என்ற சொல்லோடு தொடர்புடையது. இதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

எச்சரிக்கைப் பலகையைத் தவறாகப் படித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் ஃபிளேமபிள் என்ற சொல்லையே பயன்படுத்துமாறு வலியுறுத்தத் தொடங்கியது. வேதிப்பொருள்களின் அபாயங்களை வகைப்படுத்தும் ஐக்கிய நாடுகள் முறையிலும் இச்சொல்லே உள்ளது. இருந்தும் இந்தியச் சாலைகளில் ஓடும் பெட்ரோல் டேங்கர் லாரிகளில் "ஹைலி இன்ஃபிளேமபிள்" என்ற எழுத்துகளை இன்றும் காணலாம். மிக எளிதில் தீப்பற்றும் என்பதே அதன் பொருள்.

தீப்பற்றாத பொருளைக் குறிக்கும் சொல் நான்ஃபிளேமபிள். மேற்கண்ட இரண்டு சொற்களுக்கும் எதிர்ச்சொல் அதுவே.