உங்களுக்குத் தெரியுமா? முதல் தர சோப்பும் கரப்பானுக்கு ஆகாமல் போகலாம்

சோப்பு உறையின் பின்பக்கம் 'டி.எஃப்.எம். 76%' என்று பொடி எழுத்தில் இருக்கும். சோப்பிலுள்ள கொழுப்புப் பொருளின் அளவு அது. 76 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் தரம். ஆனால் கரப்பான் என்கிற எக்ஸிமா வரும் தோலுக்கு அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். ஏறக்குறைய 5. எவ்வளவு உயர்ந்த சோப்பும் காரம்தான், பி.எச். 9, 10 வரை போகும். குளித்துத் துடைத்ததும் கன்னம் இறுகி இழுக்கிறதே, அதைச் சுத்தம் என்று நினைக்கிறோம். உண்மையில் தோலின் காப்புக் கொழுப்பு கரைந்துபோயிருக்கிறது.

'சின்டெட்' எனப்படும் சோப்பில்லாக் கட்டியோ, அதிகம் நுரைக்காத கிளென்சரோ நல்லது. உறையில் பி.எச். 5.5 என்று இருக்கிறதா பாருங்கள். நுரை குறைந்தால் அழுக்கு போகாதோ என்ற கவலை வேண்டாம். வாசனைப் பொருள்தான் பெரிய தொல்லை. 'மூலிகை' என்று போட்டிருந்தாலும் உட்பொருள் பட்டியலில் 'ஃபிராக்ரன்ஸ்', 'பர்ஃப்யூம்' இருந்தால் கரப்பான் உள்ள குழந்தைக்கு வாங்காதீர்கள்.

வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, தேய்க்காமல் துண்டால் ஒற்றி, முழங்கை மடிப்பில் ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவிவிடுங்கள்.